அந்த விசிலைத் திரும்பப் பெறுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எட்டரை மணி தாண்டியும் வீட்டுக்குப் போகாமல் எங்களைச் சகித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை மறுபடி சொல்லிவிடுகிறேன். 'கிரேக்கப் புராணக் கதைகளுக்கு ஹாலிவுட்டின் பிரம்மாண்டப் படங்கள் செய்தது நியாயமா, அநியாயமா?' அநியாயம் என்று வாதாடும் அணியில் நான் கடைசி ஆள். வாதத்துக்கு முன்னால் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2004-இல் 'டிராய்' படம் வந்தபோது தியேட்டரில் விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

எந்த இடத்தில் என்று கேளுங்கள். படத்தின் கடைசி. டிராய் நகரம் பற்றி எரிகிறது. இவ்வளவு அழிவுக்கும் காரணமான பேராசைக்காரக் கிரேக்க அரசன் அகமெம்னன், பிரிசெயிஸ் என்ற பெண்ணைப் பிடித்து இழுக்கிறான். உன்னை என்னவெல்லாம் செய்யப் போகிறேன் பார் என்று மிரட்டுகிறான். அவள் மறைத்து வைத்திருந்த கத்தியை எடுத்து அவன் கழுத்தில் இறக்குகிறாள். தியேட்டரே துள்ளியது. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "செத்தான்டா!" என்று பெருமூச்சு விட்டது இன்னும் காதில் இருக்கிறது. நானும் இரண்டு விரலை வாயில் வைத்தேன்.

அகமெம்னன் சாக வேண்டிய இடம் அது இல்லை, கொல்ல வேண்டிய கை அந்தக் கை இல்லை என்பது பிற்பாடு படித்துத்தான் தெரிந்தது. அது தெரிந்த நாளிலிருந்து அந்த விசில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு இந்த மேடையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சரி, எதிரணித் தலைவரிடம் வருவோம். "கதையை மாற்றியது குற்றமா? கிரேக்கர்களே மாற்றினார்களே!" என்று மேசையைத் தட்டிக் கேட்டார். ஐயா, நூற்றுக்கு நூறு உண்மை. போதாவிட்டால் நானே உங்களுக்கு இரண்டு சாட்சி தருகிறேன். கி.மு. 412-இல் ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் 'ஹெலன்' என்று ஒரு நாடகம் போட்டார். டிராய் இளவரசன் பாரிஸ் ஸ்பார்ட்டா அரசி ஹெலனைக் கொண்டுபோனதால்தான் போரே வந்தது என்பது கதை. இந்த நாடகத்தில் அவள் டிராய் நகருக்குப் போகவே இல்லை. எகிப்தில் பத்திரமாக இருக்கிறாள். டிராய்க்குப் போனது காற்றில் செய்த ஒரு போலி உருவம். அந்தப் போலிக்காகத்தான் பத்து வருடம் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு செத்தார்கள். அடுத்தது, கிரேக்கப் பெருவீரன் அக்கிலீஸின் குதிகால், அவன் உடம்பில் ஆயுதம் துளைக்கக்கூடிய ஒரே இடம். உலகத்துக்கே தெரிந்த அந்த விஷயம் டிராய் போரைப் பாடிய மூத்த கவிஞர் ஹோமரிடம் கிடையாது. தாய் அவனைப் பாதாள ஆற்றில் முக்கியெடுத்த கதை, ஹோமருக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவிஞரிடம்தான் கிடைக்கிறது. மரக்குதிரைகூட ஹோமரின் இலியட் காப்பியத்தில் இல்லை. டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு இலியட் முடிந்துவிடுகிறது.

ஆகவே, மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள் என்று நான் வழக்குப் போட வரவில்லை. 1981-இலும் 2010-இலும் வந்த 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' படங்களில் ஸ்காண்டிநேவியக் கடல் கதையிலிருந்து கிராக்கன் என்ற பூதத்தைக் கொண்டுவந்து கிரேக்கக் கடலில் விட்டார்கள். பெல்லரோஃபோன் என்ற வேறொரு வீரன் ஏற வேண்டிய சிறகுக் குதிரையில் படத்தின் நாயகன் பெர்சியஸை ஏற்றினார்கள். இதெல்லாம் சில்லறைத் திருட்டு. இதற்குப் போய் நடுவரின் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

என் புகார் வேறு. கிரேக்கர்கள் கதையை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். ஹாலிவுட்டின் மாற்றங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. கெட்டவனுக்குத் தண்டனை. நல்லவன் கையில் ரத்தக்கறை இருந்தால் அதைக் கழுவிவிட ஒரு வில்லன். நமக்குப் பிடித்தவர்கள் தப்பிக்க ஒரு சுரங்கப்பாதை. கதைக்குள்ளே எல்லாருக்கும் நியாயம் வழங்கினார்கள், நடுவர் அவர்களே. அப்படி வழங்கியே கதைக்கு அநியாயம் செய்தார்கள்.

முதலில் மெனலாஸை எடுத்துக்கொள்வோம். ஹெலனின் புருஷன். 'டிராய்' படத்தில் அவனுக்கும் பாரிஸுக்கும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை நடக்கிறது. பாரிஸ் தோற்றுப்போய் அண்ணன் ஹெக்டரின் காலைக் கட்டிக்கொள்கிறான். வெட்ட வந்த மெனலாஸை ஹெக்டர் குத்திக் கொன்றுவிடுகிறான். முரட்டுப் புருஷன் ஒழிந்தான், காதலுக்குத் தடை நீங்கியது.

ஹோமரிடம் என்ன நடக்கிறது? இலியடின் மூன்றாம் காண்டத்தில் மெனலாஸ் பாரிஸின் தலைக்கவசத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகிறான். அப்ரோடைட் தேவி கவசத்தின் வாரை அறுத்து, பாரிஸை மூடுபனியில் மறைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் போடுகிறாள். மெனலாஸ் வெறும் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு களத்தில் தேடுகிறான். அவன் சாகவில்லை. சாகவில்லை என்பதுதான் முக்கியம். ஏனென்றால் ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒடிசியின் நான்காம் காண்டத்தில் அவனை மறுபடி பார்க்கிறோம். போர் முடிந்து பத்து வருடம் ஆகப்போகிறது. காணாமல் போன அப்பா ஒடிசியஸைத் தேடி அவன் மகன் ஸ்பார்ட்டாவுக்கு வருகிறான். மெனலாஸின் அரண்மனையில் கல்யாண விருந்து நடக்கிறது. உபசரிக்க வருகிறவள் யார்? ஹெலன்! புருஷனும் பெண்டாட்டியுமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

பழைய பேச்சு வருகிறது, எல்லாரும் அழுகிறார்கள். ஹெலன் எழுந்து மதுவில் ஒரு மருந்தைக் கலக்கிறாள். எகிப்திலிருந்து கொண்டுவந்தது. அதைக் குடித்தவன் பெற்ற தாயும் தகப்பனும் செத்துக் கிடந்தாலும், கண் முன்னாலேயே மகனை வெட்டினாலும் அன்று முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டான். அப்புறம் அவள் ஒரு கதை சொல்கிறாள்: டிராய்க்குள் மாறுவேடத்தில் வந்த ஒடிசியஸுக்கு நான்தான் உதவினேன், என் மனசு அப்போதே வீடு திரும்பத் துடித்தது என்று. புருஷன் தலையாட்டிவிட்டு, "நன்றாகச் சொன்னாய்" என்கிற தோரணையில் இன்னொரு கதையை எடுத்து விடுகிறான். மரக்குதிரைக்குள் நாங்கள் ஒளிந்திருந்தபோது நீ மூன்று முறை சுற்றி வந்தாயே, உள்ளே இருந்த ஒவ்வொருவனின் மனைவி குரலிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டாயே என்கிறான். விருந்தாளி முன்னால், குரலை உயர்த்தாமல். அப்புறம் எல்லாரும் தூங்கப் போகிறார்கள்.

ஆயிரக்கணக்கானவர்கள் யாருக்காகச் செத்தார்களோ அந்தத் தம்பதி இப்படி ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. இதைவிடப் பயங்கரமான போர்க்காட்சியை எனக்கு யாராவது காட்டுங்கள். மெனலாஸைக் கொன்றபோது படம் ஒரு மனிதனை மட்டும் கொல்லவில்லை ஐயா, அந்த மேசையையே கவிழ்த்துவிட்டது.

இப்போது நான் விசிலடித்த இடம். ஈஸ்கிலஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர் கி.மு. 458-இல் அரங்கேற்றிய மூன்று நாடகங்களில் முதலாவதன் பெயரே 'அகமெம்னன்'. டிராய்க்குக் கப்பல் கிளம்பச் சாதகமான காற்று வீசவில்லை என்று பெற்ற மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தவன் அவன். பத்து வருடம் கழித்து வெற்றியோடு வீட்டுக்கு வருகிறான். பெண்டாட்டி வாசலில் செந்நிறத் துணி விரித்து வரவேற்கிறாள். குளியலறையில் வைத்து, துணியை வலைபோல வீசிச் சிக்க வைத்துக் கொல்கிறாள். இப்போது சொல்லுங்கள், அவள் செய்தது சரியா தப்பா? மகளைப் பறிகொடுத்த தாய். அதே சமயம் புருஷன் ஊரில் இல்லாதபோது அவன் பங்காளியோடு வாழ்ந்தவள். கூடவே, அகமெம்னன் சிறைபிடித்து வந்த கசாண்ட்ராவையும், ஒரு பாவமும் அறியாதவளை, வெட்டிப் போடுகிறாள். அங்கே விசில் அடிக்க முடியுமா? விரல் வாய்க்குப் போகாது. படத்தில் மகளைக் காணோம், மனைவியைக் காணோம், கசாண்ட்ராவைக் காணோம். ஒரு கெட்டவனும் ஒரு கத்தியும் மிச்சம்.

அந்தக் கத்தியைப் பிடித்த பிரிசெயிஸையும் கொஞ்சம் பாருங்கள். படத்தில் அவள் அக்கிலீஸின் காதலி. அவளைக் காப்பாற்ற ஓடித்தான் அவன் உயிரை விடுகிறான். இலியடின் பத்தொன்பதாம் காண்டத்தில் அவளே வாய் திறந்து பேசுகிறாள். என் புருஷன் நகரத்தின் முன்னால் வெட்டுப்பட்டுக் கிடந்ததைப் பார்த்தேன், என் மூன்று சகோதரர்களும் அதே போல் போனார்கள் என்கிறாள். புருஷனைக் கொன்றது யார்? அக்கிலீஸ். அவள் இருப்பது யார் கூடாரத்தில்? அதே அக்கிலீஸின் கூடாரத்தில். இதைக் காதல் பாட்டு ஆக்கிவிட்டு, 'ஹோமரின் இலியடால் தூண்டப்பட்டது' என்று டைட்டிலில் போட்டார்கள். அந்தக் கூடாரத்தில் அவளுக்கு நல்ல வார்த்தை சொன்னவன் அக்கிலீஸின் உயிர்த்தோழன் பேட்ரோக்ளஸ் ஒருவன்தான். அவன் பிணத்தின் மேல் விழுந்துதான் அவள் இதையெல்லாம் சொல்லி அழுகிறாள். படத்தில் அவனை அக்கிலீஸுக்கு ஒரு தம்பி முறை ஆக்கி ஓரமாக நிறுத்தினார்கள். கிரேக்கர்களே அந்த இருவரின் உறவு என்ன வகை என்று தத்துவஞானி பிளேட்டோவின் 'விருந்து' என்ற நூல் வரைக்கும் பேசித் தீரவில்லை. ஹாலிவுட் ஒரு ரேஷன் கார்டு போட்டு முடித்துவிட்டது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தோழி, "கடவுள்களை எடுத்ததால் கதை மனிதர்களின் கதை ஆனது" என்றார். கேட்க அழகாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் அதைச் சோதித்துப் பார்க்கலாமா?

ஹெக்டர் சாகும் இடம். படத்தில் அது தரமான சண்டை. இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஹெக்டர் தைரியமாகப் போராடித் தோற்கிறான். இலியடின் இருபத்திரண்டாம் காண்டத்தில் ஹெக்டர் ஓடுகிறான், நடுவர் அவர்களே. அக்கிலீஸ் கிட்டே வந்ததும் நடுங்கிப்போய் ஓடுகிறான். பெற்றவர்கள் மதில் மேல் நின்று பார்க்க, நகரத்தை மூன்று முறை சுற்றி ஓடுகிறான். கடவுள்களின் அரசர் ஜீயஸ் தங்கத் தராசை எடுத்து இருவரின் சாவையும் வைத்துத் தூக்குகிறார். ஹெக்டரின் தட்டு தாழ்கிறது. அப்போது அவன் தம்பி டெய்ஃபோபஸ் பக்கத்தில் வந்து நிற்கிறான். "அண்ணா, ஓடாதே, நான் இருக்கிறேன், சேர்ந்து நிற்போம்" என்கிறான். ஹெக்டருக்கு உயிர் வருகிறது. திரும்பி நிற்கிறான். ஈட்டியை எறிகிறான், அது எதிரியின் கேடயத்தில் பட்டுத் தெறித்து விழுகிறது. இன்னொரு ஈட்டி கொடு என்று தம்பியைக் கூப்பிடுகிறான்.

பக்கத்தில் யாரும் இல்லை.

தம்பி மதிலுக்கு உள்ளேதான் இருக்கிறான். வந்தது அதீனா தேவி, தம்பி வேடத்தில். அந்த நொடியில் ஹெக்டருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. கடவுளை எடுத்தால் கதை மனிதனுக்கு நெருக்கமாகும் என்றால், ஈட்டிக்காக நீட்டிய அந்தக் கையைவிட நெருக்கமான மனிதனை அந்தப் படத்தில் எனக்குக் காட்டச் சொல்லுங்கள். கடவுளோடு சேர்த்து அவன் பயத்தையும் வெட்டிவிட்டார்கள். பயந்து ஓடியவனை நாயகன் என்று சொல்ல ஹோமருக்குத் துணிச்சல் இருந்தது. 17 கோடி டாலருக்கு மேல் செலவழித்தவர்களுக்கு இல்லை.

கடவுள்களை வைத்துக்கொண்ட படங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? 1997-இல் டிஸ்னி எடுத்த 'ஹெர்குலிஸ்' கார்ட்டூனில் ஜீயஸின் மனைவி ஹீரா பாசமான அம்மா. கிரேக்கக் கதையில் அவள் அவனுக்கு மாற்றாந்தாய், தொட்டிலிலேயே பாம்பு அனுப்பியவள். பாதாளத்தின் கடவுள் ஹேடிஸை வில்லன் ஆக்கினார்கள். அவன் பாதாளத்துக்குப் போனது கெட்டவன் என்பதால் இல்லை. அண்ணன் தம்பி மூன்று பேர் பாகப்பிரிவினைக்குச் சீட்டுப் போட்டார்கள், வானம் ஜீயஸுக்கு, கடல் போசைடனுக்கு, இருட்டு இவனுக்கு விழுந்தது. அவ்வளவுதான். பங்கில் மோசமான நிலம் கிடைத்தவனை எல்லாம் வில்லன் என்றால் நம் ஊரில் பாதிப் பேர் வில்லன்.

குழந்தைகள் படம், விடுங்கள் என்பீர்கள். விட்டேன். 2014-இல் டுவைன் ஜான்சன் நடித்த 'ஹெர்குலிஸ்' குழந்தைகள் படம் இல்லையே? பழைய கதையில் ஹெர்குலிஸ் பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளைத் தன் கையாலேயே கொல்கிறான். ஒரு மரபில், புகழ்பெற்ற அந்தப் பன்னிரண்டு சாகசங்களுமே இந்தப் பாவத்துக்குப் பரிகாரம். யூரிப்பிடிஸின் நாடகத்தில், செய்தது தெரிந்ததும் அவன் தலையைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான், தன் தீட்டு யார் மேலும் ஒட்டக் கூடாது என்று. நண்பன் தீசியஸ் வந்து அந்தத் துணியை விலக்கி, என் கையைப் பிடித்து எழுந்திரு என்கிறான். உலகத்திலேயே பலசாலி, எழுந்து நிற்க ஒரு கை தேவைப்படுகிறது! 2014 படம் என்ன செய்தது? ராஜா அவனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு ஓநாய்களை ஏவினான், குடும்பத்தைக் கொன்றது ஓநாய்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னது. கை சுத்தம். வில்லன் தயார். போய் அடி!

பெர்சியஸ் கதையிலும் இதே கைவரிசை. பேரன் கையால் சாவாய் என்று குறி கேட்டுப் பயந்து, மகளையும் பேரனையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விட்டவன் அக்ரிசியஸ். எத்தனையோ வருடம் கழித்து ஒரு விளையாட்டுப் போட்டியில் பெர்சியஸ் வட்டெறிய, அது தவறிப்போய்க் கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர் மேல் விழுகிறது. தாத்தா. கோபமும் இல்லை, பழியும் இல்லை, ஒரு கை தவறல். 2010 படத்தில் அதே அக்ரிசியஸைக் கொம்பு முளைக்காத குறையாக அசுரன் ஆக்கிச் சண்டையில் கொன்றார்கள். 1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ்' படத்தை மட்டும் நான் மன்னிப்பேன். எலும்புக்கூடுகளோடு அந்தச் சண்டைக்காக எதையும் மன்னிக்கலாம். ஜேசனும் மெடியாவும் முத்தமிடும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டார்கள். பின்னால் அவள் பெற்ற பிள்ளைகளையே கொன்றாள் என்பதை மாற்றிச் சொல்லவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அது நாகரிகம்.

எதிரணியில் ஒருவர் கம்பரை இழுத்தார். வால்மீகியைக் கம்பர் மாற்றவில்லையா என்றார். மாற்றினார். இராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையோடு பெயர்த்தெடுத்தான் என்று மாற்றினார். ஆனால் வாலி வதம்? இராமன் மறைந்து நின்று அம்பு விட்டதைக் கம்பர் மறைத்தாரா? வாலியைக் கொடியவன் ஆக்கி, நேருக்கு நேர் சண்டையில் கொன்று நமக்கு நிம்மதி கொடுத்தாரா? அம்பு தைத்துக் கிடப்பவன் வாயில் கேள்விகளை வைத்தார். அந்தக் கேள்விகளை வைத்துத்தான் இத்தனை வருடமாக நாம் பட்டிமன்றம் போட்டுப் பிழைக்கிறோம்! கம்பர் ஹாலிவுட்டில் வேலை பார்த்திருந்தால் நம்மில் பல பேருக்குப் பேச மேடையே இருந்திருக்காது.

'டிராய்' படத்திலும் ஒரு நல்ல இடம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் என் நாக்கு அழுகும். பீட்டர் ஓ டூல் நடித்த, ஹெக்டரின் அப்பாவான கிழவர் பிரயாம், மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்குத் தனியாகப் போய், மகனைக் கொன்ற கையை முத்தமிடுகிறாரே, அது அப்படியே இலியடின் கடைசிக் காண்டம். ஏன் அது மட்டும் நெஞ்சில் நிற்கிறது? அங்கே யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. பகைவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். கதையைத் திருத்தாமல் விட்ட ஐந்து நிமிடம்தான் அந்தப் படத்திலேயே உயர்ந்த ஐந்து நிமிடம். எங்கள் அணிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. ஒரே ஒரு குழந்தையைப் பற்றி மட்டும்.

ஹெக்டரின் கைக்குழந்தை அஸ்டியானக்ஸ். படத்தில் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதை வழியே தப்பிக்கிறாள். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. கிரேக்க மரபில் வென்றவர்கள் அந்தக் குழந்தையை மதில் மேலிருந்து கீழே எறிகிறார்கள். கி.மு. 415-இல் யூரிப்பிடிஸ் இதை ஏதென்ஸ் மேடையில் வைத்தார். அப்பாவின் கேடயத்தில் வைத்துக் குழந்தையின் உடலைக் கொண்டுவருகிறார்கள். பாட்டி அதைப் புதைக்கத் தயார் செய்கிறாள். அதற்குச் சில மாதம் முன்னால்தான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவில் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. பார்க்க உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ஏதென்ஸ்காரர்கள். அங்கே சுரங்கப்பாதை வைத்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். யூரிப்பிடிஸ் வைக்கவில்லை. போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. நடுவர்கள் தவறுவது அந்தக் காலத்திலேயே உண்டு. உங்களைச் சொல்லவில்லை ஐயா!

உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னொரு கதையில் இருக்கிறது. அகமெம்னனைக் கொன்ற தாயை மகன் ஒரெஸ்டிஸ் கொல்கிறான். ஏதென்ஸில் விசாரணை. வாக்குகள் இரண்டு பக்கமும் சமமாக விழுகின்றன. தலைமை தாங்கிய அதீனாவின் வாக்கில்தான் தீர்ப்பு. என் கணக்கில் அவள்தான் உலகத்தின் முதல் பட்டிமன்ற நடுவர். இந்த மேடையிலும் அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் மூன்று பேர், மிச்சம் உங்கள் ஒரு வாக்கு. அதீனா கொலை செய்தவனை விடுதலை செய்து அனுப்பினாள். அந்த ஒன்றை மட்டும் முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு உட்காருகிறேன். வணக்கம்.